முதல் பெயர் தெரியவில்லை

2025 பிப்ரவரி 3, திங்கள்

கிளினிக்கில் நர்ஸ் வெளியே வந்து "ஃபனூ... ஃபனூ..." என்று கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் அது நான் என்று உறைத்தது. எழுந்தபோது மகன் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஃபனூ யாரு?" என்று கேட்டான். அவனுக்கு ஆறு வயது. பதில் சொல்ல வரவில்லை.

ஊரில் எனக்கு ஒரே பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' கட்டத்தில் பெயரைப் போட்டு 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். அமெரிக்க விசாவில் அந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது. அதனால் என் பெயரை அங்கே தூக்கி வைத்துவிட்டு, முதல் பெயரின் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிட்டார்கள். 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். சேர்த்துப் படித்தால் ஃபனூ. விசாவில் வந்த அந்த மூன்றெழுத்து கிரீன் கார்டுக்குப் போய், அங்கிருந்து ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு அட்டை என்று ஒட்டிக்கொண்டே வருகிறது.

எனக்கு முதல் பெயர் உண்டு. அப்பாயி வைத்த பெயர். அது அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும். கோர்ட்டில் மனுப் போடப் போகிறேன்.

பிப்ரவரி 8, சனி

கலிபோர்னியாவில் பெயர் மாற்ற வக்கீல் தேவையில்லை. படிவங்கள் எல்லாம் மாநில நீதிமன்றங்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.சி-100 மனு, அதன் இணைப்பு என்.சி-110, விசாரணைத் தேதிக்கான உத்தரவு என்.சி-120, தீர்ப்பாணை என்.சி-130, மேலே வைக்கும் முகப்புத் தாள் சி.எம்-010. கட்டணம் 435 டாலர், சில கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 450. கட்ட முடியாதவர்கள் எஃப்.டபிள்யூ-001 படிவத்தில் விலக்கு கேட்கலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரையும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, நீதிபதி முன் உறுதிமொழி எடுப்பதாக இருந்தால். எனக்கு அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அதுவரை ஃபனூவாக இருக்க முடியாது.

சர்நேமுக்கு அப்பாவின் பெயரைத்தான் போடுவது என்று முடிவு செய்தேன். சாயங்காலம் மன்னார்குடிக்குப் போன் போட்டேன். அங்கே ஞாயிறு காலை, அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆபீஸ்ல உன்னை என் பேரைச் சொல்லியா கூப்பிடுவாங்க?"

"சில இடத்துல கூப்பிடுவாங்கப்பா."

"அது என் பேராச்சே பாப்பா. நீ யாருன்னு தெரியாமப் போயிடாது?"

முதல் பெயர் என்னுடையதாக இருக்கும், அதற்குத்தான் இவ்வளவும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிம்மா, எழுத்தைச் சரியாப் போடு" என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று பிரசிடென்ட்ஸ் டே விடுமுறை. இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். முதலில் செல்ஃப் ஹெல்ப் சென்டர். எல்லாக் கவுண்டியிலும் இது உண்டு, இலவசம். இதைச் செய், அதைச் செய்யாதே என்று வக்கீல் மாதிரி ஆலோசனை சொல்ல மாட்டார்கள். ஆனால் படிவம் சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கிருந்த பெண்மணி என் தாள்களைப் புரட்டிவிட்டு, மேல் ஓரத்தில் துளை இல்லை என்றார். கலிபோர்னியாவில் கோர்ட்டில் கொடுக்கும் தாளின் மேல் விளிம்பில், நடுவில், இரண்டரை அங்குல இடைவெளியில் இரண்டு துளை இருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. மேசையோடு சேர்த்துக் கட்டியிருந்த கனமான பஞ்சிங் மெஷினை என் பக்கம் நகர்த்தினார். அசலையும் இரண்டு நகல்களையும் கொத்துக் கொத்தாக வைத்து அழுத்தினேன். மனு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆனால் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் பெயரில் ஒரு 'மூர்த்தி' வரும். ஆங்கிலத்தில் அதற்கு என்.சி-110-இல் இரண்டு 'ஓ' போட்டிருக்கிறேன், என்.சி-120-இல் 'யு' போட்டிருக்கிறேன். இரண்டும் என் கையால் எழுதியது. அப்பாவின் ஆதார் ஒரு மாதிரி, என் பள்ளிச் சான்றிதழ் ஒரு மாதிரி. இரண்டையும் பார்த்து எழுதியதில் வந்த வினை. கோர்ட்டின் பக்கம் தவறே இல்லை. தீர்ப்பாணையில் தப்பான எழுத்து ஏறிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து அலைய வேண்டியிருந்திருக்கும்.

இரவு அப்பாவிடம் கேட்டேன். "நான் கையெழுத்துப் போடறது ரெண்டு ஓ."

பிப்ரவரி 20, வியாழன்

எல்லாத் தாளையும் புதிதாக அடித்துக் கொடுத்தேன். 'காரணம்' என்ற இடத்தில் முதல் முறை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இந்த முறை இரண்டே வாக்கியம்: எஃப்.என்.யு. என் பெயர் அல்ல. என் பெயரும் தந்தையின் பெயரும் என் ஆவணங்களில் சரியாக இருக்க வேண்டும். பரோலில் இருக்கிறேனா, பாலியல் குற்றவாளிப் பட்டியலில் பதிய வேண்டியவளா என்றும் படிவம் கேட்கிறது. எல்லோரையும் கேட்பதுதான். சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனை உண்டு என்ற வரியின் கீழே கையெழுத்து. 435 டாலர் கட்டினேன்.

மார்ச் 1, சனி

நீதிபதி கையெழுத்திட்ட என்.சி-120 தபாலில் வந்தது. விசாரணை ஏப்ரல் 15.

இதைச் செய்தித்தாளில் வாரம் ஒரு முறை, தொடர்ந்து நான்கு வாரம் வெளியிட வேண்டும். எந்தப் பத்திரிகையிலும் போட்டுவிட முடியாது. சட்ட அறிவிப்புகள் வெளியிட அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்டேன். பெரிய தினசரி கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் சின்ன வாரப் பத்திரிகை கேட்டது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான், அதனால் முதலில் வந்த விலைக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். வெளியிட்டதற்கான சான்று கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதை அவர்களே அனுப்பிவிடுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலின அடையாளத்துக்கு ஏற்பப் பெயர் மாற்றுபவர்களுக்கு இந்த வெளியீடு தேவையில்லை. அது நல்ல விதி. ஊரறிய அச்சிடுவது எல்லோருக்கும் என்னைப் போல எளிதாக இருக்காது.

மார்ச் 28, வெள்ளி

நான்காவது வாரமும் வந்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி செய்தேன், சாமி முன்னால் கோர்ட் உத்தரவையும் வைத்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் கோர்ட் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எனக்கு முன்னால் ஒரு இளைஞன், அவனுக்குப் பக்கத்தில் வளர்ப்புத் தந்தை. அவர் பெயரைத்தான் கேட்டிருந்தான். பெரியவர் முழு நேரமும் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது. கடனிலிருந்தோ வழக்கிலிருந்தோ தப்பிக்கத்தான் மாற்றுகிறேனா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று கோப்பைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் புதுப் பெயரை வாசித்தார். என் பெயரை நிறுத்தி, மெதுவாக, கிட்டத்தட்ட சரியாகவே சொன்னார். பின்னாலேயே அப்பாவின் பெயர். அமெரிக்காவில் ஒரு கோர்ட் அறையில் அந்தப் பெயர் சத்தமாக ஒலித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கீழே போய் முத்திரையிட்ட சான்று நகல் மூன்று வாங்கினேன். நகலுக்குத் தனிக்கட்டணம். ஆனாலும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள், பல இடத்தில் ஜெராக்ஸ் செல்லாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அரசின் அடையாள எண் தரும் இடம். எஸ்.எஸ்-5 படிவம், கட்டணம் இல்லை. அங்கே மாறிய பிறகுதான் ஓட்டுநர் உரிமம். அப்புறம் கிரீன் கார்டுக்கு ஐ-90, கடைசியாக இந்தியப் பாஸ்போர்ட். நீளமான வரிசைதான்.

மே 3, சனி

புது சோஷியல் செக்யூரிட்டி அட்டை வந்துவிட்டது. எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அங்கே நடு ராத்திரி, காலையில்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முதலில் என் பெயர், அப்புறம் அவர் பெயர்.

"ரெண்டு ஓ இருக்கு," என்றார். "பேரனைக் கூப்பிடு, அவனும் ஒரு தடவ படிக்கட்டும்."