அவுட்-ஆஃப்-ஸ்டேட் கட்டணத்தைக் குறைக்கும் ஸ்காலர்ஷிப்புகள்: கடிதத்தை எப்படிப் படிப்பது

நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. நம் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் இன்-ஸ்டேட் (உள்மாநிலத்தவருக்கான) கட்டணத்தில் சேர்ப்பதா, அல்லது வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று ‘ஆண்டுக்கு இருபதாயிரம் டாலர் உதவித்தொகை’ என்று எழுதி அனுப்பிய கடிதத்தை நம்பி அங்கே அனுப்புவதா? கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அந்தத் தொகை எந்த விதியின்படி கட்டணத்தைக் குறைக்கிறது என்பதே நான்கு ஆண்டுச் செலவை முடிவு செய்கிறது என்பது என் கருத்து. அதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு விலைகள் இருப்பதன் காரணம் எளிது. மாநிலத்தவர் செலுத்தும் வரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மானியம் போகிறது. அந்த வரியைச் செலுத்தாத வெளிமாநிலத்தவர் முழு விலையைத் தர வேண்டும் என்பது வாதம். ‘ஓராண்டு அங்கே வாடகைக்கு இருந்தால் அடுத்த ஆண்டு இன்-ஸ்டேட் ஆகிவிடலாம்’ என்று நம் வட்டாரங்களில் அடிக்கடி ஒரு யோசனை சொல்லப்படுகிறது. ஓராண்டு வசிக்க வேண்டும் என்ற மின்னசோட்டா மாநில விதியை 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று உறுதிசெய்தது. 1973-இல் விலான்டிஸ் எதிர் க்ளைன் வழக்கில், சேரும்போது வெளிமாநிலத்தவராக இருந்தவர் படிப்பு முடியும்வரை அப்படியே கருதப்படுவார் என்ற கனெக்டிகட்டின் விதியை அதே நீதிமன்றம் நீக்கியது. ஆனால் உண்மையிலேயே குடியேறியவரையும் படிக்க மட்டும் வந்தவரையும் பிரித்துப் பார்க்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பெற்றோர் நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்துகொண்டு செலவுக்குப் பணம் அனுப்ப, பிள்ளை மட்டும் வேறு மாநிலத்தில் தங்கிப் படித்தால், பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பிள்ளை கடைசி செமஸ்டர் வரை வெளிமாநிலத்தவர்தான். ஆகவே விலை குறைய வேண்டுமானால் அதைப் பல்கலைக்கழகமே குறைத்தாக வேண்டும்.

பல்கலைக்கழகம் ஏன் குறைக்கிறது? இதற்கு அலபாமா பல்கலைக்கழகத்தை விடத் தெளிவான உதாரணம் இல்லை. ராபர்ட் விட் 2003-இல் டஸ்கலூசா நகரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது மாணவர் எண்ணிக்கை இருபதாயிரம் அளவில் இருந்தது. அவர் 2012-இல் அப்பதவியிலிருந்து விலகியபோது அது முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. பல மாநிலங்களில் ஆள் நியமித்து மாணவர்களைத் தேடினார்கள், பள்ளி ஜி.பி.ஏ.வையும் (மதிப்பெண் சராசரி) ஏ.சி.டி. அல்லது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணையும் ஓர் அட்டவணையில் போட்டு, இந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு இவ்வளவு தொகை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். கட்டுரையோ நேர்காணலோ இல்லாமல், சேர்க்கை விண்ணப்பத்தோடு தானாகவே வந்துவிடும் உதவித்தொகை அது. இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அலபாமாவைச் சேராதவர்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மாநில மானியங்கள் சுருங்கியபோது வேறு பல அரசுப் பல்கலைக்கழகங்களும் இதே வழியில் இறங்கின.

இதன் கணக்கைப் பல்கலைக்கழகத்தின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். தள்ளுபடி போக மீதியைச் செலுத்தும் வெளிமாநில மாணவர், பல இடங்களில், உள்மாநில மாணவர் செலுத்தும் தொகைக்குக் குறையாமலே செலுத்துகிறார். அவருடைய மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் சராசரியையும் உயர்த்துகிறது. ஆகவே இது ஆடித் தள்ளுபடியைப் போன்ற ஒரு விலைக்கொள்கை. அதை வாங்குவதில் இழிவும் இல்லை, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பரிசு வென்றதைப் போல் அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பணம் ஏழை மாணவர்களின் தேவைக்குப் போயிருக்க வேண்டியது என்று கல்வி ஆய்வாளர்கள் வைக்கும் விமர்சனம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒரு குடும்பம் தனக்கு வந்த சலுகையை மறுப்பதால் அந்தப் பணம் வேறொரு ஏழை மாணவருக்குப் போய்ச் சேருவதில்லை. மறுபக்கம், கூப்பிடாமலே மாணவர் வந்து குவியும் இடங்களில் இந்தத் தள்ளுபடி அரிது. மிச்சிகனின் ஆன் ஆர்பர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி போன்றவற்றிலிருந்து பெரிய குறைப்பை எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் மோர்ஹெட்-கெய்ன் போன்ற முழுச்செலவு உதவித்தொகை உண்டுதான். ஆனால் அதைப் பெறுபவர் மிகச் சிலர்.

இனி விதிக்கு வருகிறேன். குறைப்பு இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, நிலையான டாலர் தொகை. மற்றொன்று, கட்டண விகிதத்தையே மாற்றுவது, அதாவது வெளிமாநில மாணவரை உள்மாநில விகிதத்திலோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு என்பது போன்ற விகிதத்திலோ கட்டச் சொல்வது. முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ஒரு கற்பனைக் கணக்கு: கட்டணம் 34,000 டாலர், உதவித்தொகை 20,000 டாலர், கட்டணம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் கையிலிருந்து 14,000. இரண்டாம் ஆண்டில் 15,360. மூன்றாம் ஆண்டில் 16,774. நான்காம் ஆண்டில் 18,245. கட்டணம் 4 விழுக்காடு வீதம்தான் ஏறியது. ஆனால் நம் பங்கு நான்காம் ஆண்டுக்குள் 30 விழுக்காடு ஏறிவிட்டது, ஏனெனில் உயர்வு முழுவதும் நம் தலையில் விழுகிறது, உதவித்தொகை அசைவதில்லை. முதல் ஆண்டுத் தொகையை நான்கால் பெருக்கி 56,000 என்று குறித்து வைத்த குடும்பம் உண்மையில் 64,379 டாலர் கட்டியிருக்கும். விகிதம் மாறும் வகையில் இந்தச் சிக்கல் குறைவு. உள்மாநிலக் கட்டணம் உயரும்போது மட்டுமே நம் கட்டணமும் உயரும், அந்தக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அரசியல் காரணங்கள் உண்டு.

விகிதத்தை மாற்றும் வகைக்கு டெக்சாஸின் கல்விச் சட்டம் நல்ல உதாரணம். போட்டி முறையில் வழங்கப்பட்ட, கல்வியாண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் மதிப்புள்ள உதவித்தொகையைப் பெற்ற வெளிமாநில மாணவர், உள்மாநிலக் கட்டணத்தைச் செலுத்தலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு. தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்க டாலஸ், ஆர்லிங்டன் பக்கம் வந்தவர்களுக்கு இது பழக்கமான செய்தி. ‘ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் போதும், ஃபீஸ் பாதியாகிவிடும்’ என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஆயிரம் டாலர் என்பது கதவைத் திறக்கும் சாவி மட்டுமே, பலன் அதற்குப் பின்னால் இருக்கும் கட்டண வேறுபாட்டில் இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளும் அதே சட்டத்தில் உள்ளன. பல்கலைக்கழகம் அங்கீகரித்த குழு ஒன்று, டெக்சாஸ் மாணவர்களும் போட்டியிடும் நிலையில் அதை வழங்கியிருக்க வேண்டும். ஆகவே நம் ஊர்த் தமிழ்ச் சங்கமோ நிறுவனமோ தரும் ஆயிரம் டாலர் இதற்கு உதவாது. இந்தச் சலுகையைப் பெறுபவர்கள் முந்தைய ஆண்டின் அதே பருவத்தில் பதிவு செய்தவர்களில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உதவித்தொகை செல்லுபடியாகும் காலத்துக்கு மட்டுமே சலுகை. எனவே அது முதல் ஆண்டுக்கு மட்டும் என்று கடிதத்தில் இருந்தால், இரண்டாம் ஆண்டில் ஆயிரம் டாலரோடு சேர்ந்து உள்மாநில விகிதமும் போய்விடும். டெக்சாஸிலிருந்து கடிதம் வந்தால் ‘புதுப்பிக்கத்தக்கது’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன்.

மாநிலங்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வேறு. மேற்கில் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்ற ஏற்பாட்டில், உறுப்பு மாநிலத்து மாணவர் மற்றோர் உறுப்பு மாநிலத்தின் பங்கேற்கும் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணத்தின் 150 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டிப் படிக்கலாம். கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட்டிலோ வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவிலோ இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் பங்கேற்பதில்லை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகம் அதில் இல்லை. பங்கேற்பவையும் ஜி.பி.ஏ. வரம்பு வைக்கலாம், நாடுவோர் அதிகமுள்ள சில படிப்புகளை விலக்கிவைக்கலாம். மத்திய மேற்கிலும், தெற்கிலும், நியூ இங்கிலாந்திலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா மூன்றும் இந்த நான்கில் எதிலும் இல்லை என்பது நமக்கு வருத்தமான செய்தி.

அந்த வருத்தத்துக்கு ஓரளவு ஆறுதல், மெய்ன் பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கிய ஃப்ளாக்‌ஷிப் மேட்ச். தகுதி மதிப்பெண் உள்ள வெளிமாநில மாணவர் தம் சொந்த மாநிலத்தின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகத்தில் என்ன கட்டியிருப்பாரோ அதையே ஓரோனோவில் உள்ள மெய்ன் பல்கலைக்கழகத்தில் கட்டினால் போதும் என்பது அதன் கருத்து. முதலில் சேர்க்கப்பட்ட மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று. மெய்ன், மக்கள்தொகையில் முதிர்ந்த மாநிலம்; உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதால் வெளியே தேட வேண்டிய கட்டாயம் வந்தது. பனிக்கு அஞ்சாத பிள்ளைக்கு, குறிப்பாக வனவியல், கடலியல் போன்ற துறைகளை நாடுபவருக்கு, இது கவனிக்கத் தகுந்த இடம். கணினி அறிவியலைத் தவிர வேறு துறையே இல்லை என்று நினைக்கும் நம் வீடுகளில் இது பேசப்படுவதே இல்லை.

எஸ்.ஏ.டி.க்கு முன்னோடியான பி.எஸ்.ஏ.டி. தேர்வை எழுதி, நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டியின் இறுதிநிலையை எட்டும் சுமார் பதினையாயிரம் மாணவர்களுக்குத் தனி வழி உண்டு. அலபாமா, டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்றவை அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு தங்கும் செலவுக்கும் உதவுகின்றன. சேர விரும்பும் பல்கலைக்கழகத்தையே முதல் விருப்பமாக நேஷனல் மெரிட் அமைப்பிடம் உரிய காலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

உதவித்தொகையைத் தக்கவைப்பது தனிப் பாடு. ஒட்டுமொத்த ஜி.பி.ஏ. 3.0-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பரவலான நிபந்தனை. பள்ளியில் 4.0 வாங்கிய பிள்ளைக்கு இது எளிதாகத் தோன்றும்; பொறியியலின் முதலாண்டில் கால்குலஸும் இயற்பியலும் வேதியியலும் ஒரே நேரத்தில் வரும்போது அப்படித் தோன்றாது. 3.5 கேட்கும் உதவித்தொகைக்குப் பொறியியல் மாணவரை அனுப்பும் முன் இருமுறை யோசிப்பேன். எட்டு செமஸ்டர்களுக்கு மட்டுமே உதவித்தொகை என்ற வரம்பும் முக்கியம். நம் பிள்ளைகள் பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏ.பி. தேர்வுகளின் மூலம் ஓராண்டுக்கான கிரெடிட்டுகளைக் கொண்டுவருவதுண்டு. மீதமிருக்கும் செமஸ்டர்களை முதுகலைக்குப் பயன்படுத்த சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. கட்டணம் என்ற சொல்லுக்குள் என்ன அடங்கும் என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். பொறியியல், வணிகக் கல்லூரிகள் கூடுதலாக வாங்கும் கட்டணம் பெரும்பாலும் உதவித்தொகைக்கு வெளியே நிற்கும்.

எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கூட்டரசின் நிதியுதவி அவர்களுக்கு இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் பணத்திலிருந்து தரும் தகுதி உதவித்தொகையைப் பல இடங்களில் அவர்களும் பெறலாம். சிக்கல் 21 வயதில், அந்த விசா செல்லாதுபோகும்போது, வருகிறது. கிரீன் கார்டு வரிசை நகராமல் பிள்ளை எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருந்தால், உள்நாட்டு மாணவர்களுக்கு ஓர் அட்டவணையும் சர்வதேச மாணவர்களுக்கு வேறோர் அட்டவணையும் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் இடையில் என்ன ஆகும் என்பதைச் சேர்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைக்க வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் ‘கவலைப்படாதீர்கள்’ என்ற பதிலுக்கு மூன்றாம் ஆண்டில் மதிப்பு இருக்காது.

வரியையும் சொல்லிவிடுகிறேன். பட்டப் படிப்பில் இருப்பவருக்குக் கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடத்துக்குத் தேவையான புத்தகங்கள் ஆகியவற்றுக்குப் போகும் உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின்படி வரி இல்லை. அறை வாடகைக்கும் உணவுக்கும் போகும் பகுதி மாணவரின் வருமானமாகவே கருதப்படும். பல்கலைக்கழகம் அனுப்பும் 1098-டி வரிப் படிவத்தின் ஐந்தாம் கட்டத்தில் இருக்கும் உதவித்தொகை முதல் கட்டத்தில் இருக்கும் கட்டணத்தை விட அதிகமாக இருந்தால் அதைக் கணக்காளரிடம் காட்டுங்கள். தங்கும் செலவையும் சேர்த்துத் தரும் பெரிய உதவித்தொகையைப் பெற்ற வீட்டில், மே 1-ஆம் தேதிக்குள் சேர்க்கையை உறுதிசெய்யும்போதே இந்த வரித்தொகையையும் ஆண்டுச் செலவில் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.