விடுபட்ட ஒரு 'எச்'

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகை நேற்று மதியம்தான் அம்மாவின் கணக்குக்கு வந்து சேர்ந்தது. குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இந்த எட்டு மாதத்தில் ஐந்து மாதம் வீணாகப் போனது. அப்பா பெயரில் ஓர் ஆங்கில எழுத்து விடுபட்டதில் தொடங்கிய அலைச்சல் அது. இதே வேலைக்கு இப்போது அலைந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்தது பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில். அதிகாலை மூன்று மணி. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, ஊரில் இருந்து அழைப்பு மேல் அழைப்பு வருகிறது. அந்த நேரத்தில் கவுன்டரில் இருந்தவர் ஒரு தாளை நீட்டினார். "பேர், வயசு, அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு சைன் பண்ணுங்க சார்." நான் பார்த்தேன். அப்பா பெயர் தமிழில் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த வரியில் ஆங்கிலத்தில் இருந்ததைப் படிக்கவில்லை.

மருத்துவமனையில் நடந்த மரணம் என்றால் பதிவாளருக்கு அவர்களே தெரிவித்துவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் 21 நாட்களுக்குள் போய்ப் பதிய வேண்டும். எங்களுக்கு அந்தப் பாடு இல்லை. இரண்டு வாரத்தில் சான்றிதழை இணையத்திலேயே எடுத்துவிட்டோம்.

அதோடு வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த அம்மையார் ஆதாரையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரின் நடுவில் பேனா முனையை வைத்தார். ஆதாரில் 'டி'க்குப் பிறகு 'எச்' இருந்தது. சான்றிதழில் இல்லை. "ரெண்டும் ஒரே ஆள்தான்னு எங்களுக்குத் தெரியுதுங்க. ஆனா சிஸ்டம்ல ஏத்தும்போது நேம் மிஸ்மேட்ச்னு வரும்." அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தன்மையாகத்தான் சொன்னார்.

இங்கே நான் செய்த முதல் தவறு, மறுநாள் காலை எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனது. வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்று சன்னலை எட்டினால், "டெத் எங்க ஆச்சு?" என்று ஒரே கேள்வி. சொன்னேன். "அப்ப அங்கதான் போகணும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இறந்தவர் எங்கே குடியிருந்தார் என்பது கணக்கில்லை. மரணம் எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவும் இருக்கும், திருத்தமும் நடக்கும். எங்கள் ஊருக்கும் மருத்துவமனை இருந்த ஊருக்கும் பேருந்தில் இரண்டு மணி நேரம்.

அங்கே போனேன். திருத்தத்துக்கு மருத்துவமனையில் இருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். ஏனென்றால் தகவல் கொடுத்தது அவர்கள். சரி என்று ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினால், ஆவணப் பிரிவு ஒரு மணிக்கே மூடியாகிவிட்டது. மணி அப்போது ஒன்று இருபது. காவலாளி உள்ளே விடவில்லை. அன்று பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்பா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போனேன், காலை ஒன்பதரைக்கே. ஆவணப் பிரிவில் இருந்தவர் எடுத்த எடுப்பில், "நீங்க சைன் பண்ணியிருக்கீங்க, எங்க தப்பு இல்ல" என்றார். உண்மைதான், நான் போட்ட கையெழுத்துதான். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பாவைச் சேர்க்கும்போது ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "சார், அட்மிஷன் ஃபைலை மட்டும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க" என்றேன். முனகிக்கொண்டே எடுத்தார். முதல் தாளிலேயே ஆதார் நகல், 'எச்' உள்ள பெயரோடு. அவர்களிடம் சரியான ஆவணம் இருந்தும் தட்டச்சில் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவர் மேலே பேசவில்லை. பத்து நிமிடத்தில் கடிதம் கைக்கு வந்தது. எழுத்துப்பிழைக்காக எங்கே போனாலும், அந்த அலுவலகத்தின் கோப்பிலேயே நம்முடைய சரியான ஆவணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெளியில் இருந்து நாம் கொண்டுபோகும் பத்து நகலைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

பதிவாளர் அலுவலகத்தில் கடிதத்தோடு இன்னொன்றும் கேட்டார்கள். அப்பாவை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் உறுதிமொழி. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-வது பிரிவுதான் திருத்தத்துக்கானது. மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். அதன்பிறகு நமக்குப் புதுச் சான்றிதழ். இதை அங்கிருந்த இளைஞர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இத்தனை நாளில் எனக்கு உட்கார நாற்காலி காட்டியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு பேரில் ஒருவர் பக்கத்து வீட்டு மாமா. இன்னொருவர் அப்பாவோடு முப்பது வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எழுபது வயது, முழங்கால் வலி. தயங்கித்தான் கேட்டேன். "எத்தனை மணி பஸ்ஸு தம்பி?" என்று மட்டும் கேட்டார். போக வர நான்கு மணி நேரம் பேருந்தில் வந்து, கையெழுத்துப் போட்டு, பேருந்துக் கட்டணத்தை நான் கொடுக்கப்போனபோது கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பன்னிரண்டு நாளில் 'எச்' வந்துவிட்டது.

இதற்குள் ஒரு சொந்தக்காரர் எங்களிடம், "ஏடிஎம் கார்டு கையில இருக்குல்ல, பின் நம்பரும் தெரியும், கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடுங்க" என்று யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். இறந்தவர் கணக்கில் இருந்து அவர் இறந்த தேதிக்குப் பிறகு பணம் எடுத்தால் பிறகு வாரிசுகளுக்குள்ளேயே கேள்வி வரும், வங்கியும் கேட்கும்.

சேமிப்புக் கணக்கு எளிதாக முடிந்தது. அப்பா அம்மாவை நியமனதாரராக, அதாவது நாமினியாகப் போட்டிருந்தார். திருத்திய சான்றிதழ், அம்மாவின் ஆதார், ஒரு படிவம், அவ்வளவுதான். வைப்புத்தொகையில்தான் சிக்கல். பல வருடங்களுக்கு முன்னால் போட்டதை அப்படியே புதுப்பித்து வந்திருக்கிறார். நியமனதாரர் இடம் காலி. அதனால் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு வைப்புத்தொகை ரசீதையும் இன்றைக்கு எடுத்து, நியமனம் பதிவாகியிருக்கிறது என்ற வரி அதில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சேமிப்புக் கணக்குக்குப் போட்ட நியமனம் வைப்புத்தொகைக்குத் தானாக வராது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கப் போனால் இன்னொரு தடை. அம்மாவுக்கு முன்பே கேன் எண், அதாவது இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண், இருந்தது. அதில் பதிவாகியிருந்தது அப்பாவின் கைப்பேசி எண். ஓடிபி அதற்குத்தான் போகும். அப்பா போன பிறகு அந்த எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. கைப்பேசி பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. நல்ல வேளையாக எண் இன்னும் துண்டிக்கப்படவில்லை. ரீசார்ஜ் செய்து, சார்ஜில் போட்டு எழுப்பினோம். முதலில் வந்தவை தேங்கிக் கிடந்த வாட்ஸ்அப் செய்திகள். அப்பாவுடைய நண்பர்கள் குழுவில் தினமும் காலை வணக்கம். அவர்களில் இருவருக்கு அப்பா இறந்ததே தெரியாது போல, "என்னப்பா ஆளையே காணோம்" என்று கேட்டிருந்தார்கள். அம்மாவை அன்று சமாதானப்படுத்த வெகு நேரம் ஆனது. வீட்டில் பெரியவர்கள் இறந்தால் அவர்கள் எண்ணைக் குறைந்தது ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள். வங்கி, கேஸ், ஆதார் என்று எது எதெல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது என்பது பிறகுதான் தெரியும்.

60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர். அக்காவைச் சேர்க்க வேண்டுமா என்று பெரியப்பா ஒருவர் கேட்டார், "கட்டிக்குடுத்த புள்ளைக்கு எதுக்கு?" என்று. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-இல் இருந்தே, மகள் மணமானவளோ இல்லையோ, தந்தையின் முதல் வகுப்பு வாரிசு. இதில் பேசவே ஒன்றும் இல்லை. அக்காவின் ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு அத்தானின் இனிஷியல் ஏறிவிட்டதால், அப்பா பெயர் உள்ள அவளது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் இணைத்தோம்.

மூன்று வாரம் கழித்து கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டார். மேசையில் எங்கள் தாள்கள். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்றார்.

இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. கிராமத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கும் அப்பத்தா. அவரைச் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் சம வாரிசு. அதே 1956-ஆம் வருடச் சட்டத்தில் தாயும் முதல் வகுப்பில்தான் இருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடி புதிதாக, நான்கு பேர் பெயரோடு, மறுபடி 60 ரூபாய். பணம் பெரிதில்லை. ஒரு மாதம் போயிற்று.

ஆனால் அந்த ஒரு மாதத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. அப்பத்தாவின் ஆதார் நகல் வாங்கவும் விவரம் சொல்லவும் கிராமத்துக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம், சத்தமாகச் சொன்னேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, "எம்புள்ளைக்கு நான் வாரிசாய்யா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சித்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை மாதம் ஓடினேனே, அப்பத்தாவிடம் ஒரு நாளாவது வந்து உட்கார்ந்தேனா என்று அன்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதன்பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று வரிசையாக நகர்ந்து சான்றிதழ் வந்துவிட்டது. இரண்டாம் முறை ஒரு தடையும் இல்லை. முதல்முறை கேள்வி கேட்டுத் திருப்பிய அதே அலுவலர்தான் இப்போது விசாரணையை இரண்டே நாளில் முடித்து மேலே அனுப்பினார். அவர் கேட்காமல் விட்டிருந்தால், பின்னாளில் சான்றிதழே தவறு என்று ஆகியிருக்கும்.

கடைசியாக வங்கி. இந்த முறை வேறொரு அதிகாரி. வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இது பத்தாது, கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நீதிமன்றம் என்றால் வக்கீல், கட்டணம், இன்னும் எத்தனை மாதமோ. இங்கே மட்டும் நான் முன்கூட்டியே படித்துவிட்டுப் போயிருந்தேன். நியமனம் இல்லாத கணக்குகளில் ஒரு தொகை வரைக்கும் நீதிமன்ற உத்தரவு கேட்காமல், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வங்கிக்கு இழப்பு வந்தால் நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்று எழுதிக் கொடுப்பது) வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. குரலை உயர்த்தாமல் கேட்டேன்: "சார், உங்க பேங்க்ல அந்த லிமிட் எவ்வளவு? எங்க தொகை அதுக்கு மேலன்னா, கோர்ட் ஆர்டர் வேணும்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுங்கள் என்றதும் அவர் உள்ளே மேலாளரிடம் போனார். அரை மணி நேரம். வந்து, "உங்க அமவுண்ட் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்று படிவத்தை நீட்டினார். முத்திரைத்தாளில் ஈட்டுறுதி, அம்மாவுக்கே தரச் சம்மதம் என்று மற்ற மூவரின் கடிதம். அப்பத்தாவின் கைரேகைக்கு நோட்டரி வக்கீலையே கிராமத்துக்கு அழைத்துப் போனோம். கொடுத்த பதினோராம் நாள் பணம் வந்தது. அதுதான் நேற்று. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். எந்த அலுவலகத்தில் முடியாது என்று சொன்னாலும், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பட்டா மாறுதல். நேற்று இரவு பட்டாவை இணையத்தில் எடுத்து, இந்த முறை எழுத்து எழுத்தாகப் படித்தேன். அப்பாவின் பெயர் சரி. தந்தை பெயர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பழைய கிரயப் பத்திரம் சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போகிறேன். அப்பத்தாவுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிவரச் சொல்லி அம்மா இப்போதே காசு எடுத்துக் கொடுத்துவிட்டார்.