ஏற்காட்டுப் பாத்தியில் விதைக்கிழங்கு

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் நிழல் விழாத மூன்று பாத்திகளில் ஆண்டுதோறும் உருளைக்கிழங்கு நடுகிறேன். குளிர்பதனக் கிடங்குகளில் முளைப்பைத் தடுக்கும் மருந்து இடுவதுண்டு என்பதை அறியாமல், முதன்முறை சமையலுக்கு வாங்கிய கிழங்கையே நட்டேன். பாதிக் கண்கள் திறக்கவே இல்லை.

இப்போது கோழிமுட்டை அளவில், 40 முதல் 50 கிராம் எடையுள்ள, கீறலோ கருந்தழும்போ இல்லாத முழுக்கிழங்குகளையே தேர்ந்தெடுக்கிறேன். அவற்றைக் கண்கள் மேல்நோக்கும்படி முட்டை அட்டையில் அடுக்கி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால், முளைகள் குட்டையாகவும் தடித்தும், அடியில் ஊதாச் சாயலோடும் எழும். இருட்டில் வைத்தாலோ வெளிறி நீண்டு, கை பட்டாலே ஒடிந்துவிடும்.

நீலகிரியிலிருந்து விதை கொண்டுவருவதை மட்டும் உறுதியாகத் தவிர்க்கிறேன். 1961இல் அங்கே கண்டறியப்பட்ட, வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணோடும் பயணம் செய்யும். வந்துவிட்டால் அதன் முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். நம் சேர்வராயன் மலைக்கு அந்தத் துன்பம் வேண்டாம்.

வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி முக்கால் அடி. செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைக்கிறேன்; வெளிச்சம் பட்டுப் பச்சையேறும் கிழங்கில் சோலனைன் என்னும் நச்சும் கூடுவதால், அத்தகைய கிழங்கைச் சமைப்பதில்லை.