நான்கு லக்குகள், நான்கு ஞாயிறுகள்

பழைய ரேடியோக்களைப் பிரித்து மாட்டிப் பழகியவன் நான். 25 வாட் சால்டரிங் அயர்னும் ஒரு சுருள் ஈயக்கம்பியும் பல வருடங்களாக என் மேசையில் கிடக்கின்றன. அதனால் காரின் டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் வைக்கத் தீர்மானித்தபோது, பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பிக்கு லக் (கம்பி நுனியைச் செருகி, வளையத்தைப் போல்ட்டில் இறுக்கும் உலோக முனை) போடுவதை ஒரு வேலையாகவே கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பலகை அறுப்பதுதான் சிரமம் என்று நினைத்திருந்தேன். பெட்டி ஒரே நாளில் முடிந்தது. நான்கு லக்குகளுக்கு நான்கு ஞாயிறுகள் போயின.

ஆம்ப்ளிஃபயர் 500 வாட். அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால், முழு வேகத்தில் பாடும்போது 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இந்த நீளத்துக்கு மின்தடை சுமார் 3.4 மில்லிஓம், 45 ஆம்பியரில் 0.15 வோல்ட்தான் வழியில் தொலையும். ஆனால் லக்கில் இணைப்பு மோசமாக அமைந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் 5 மில்லிஓம் நின்றுவிட்டால், விரல் நுனி அளவு இடத்தில் 10 வாட் சூடு பிறக்கும். கம்பிக்குக் கொடுத்த பணமெல்லாம் அந்த ஒரு அங்குலத்தில் வீண்.

கம்பியிலேயே முதல் அடி. தடிமனுக்கு ‘4 கேஜ்’ என்று அச்சிட்ட, பளபளவென்ற சிவப்பு உறையுடன் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தேன். தூக்கியபோதே கனம் குறைவாகத் தோன்றியது. மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் அதை யோசிக்கவில்லை. உறையைச் சீவி, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினிய இழைக்குச் செம்பு முலாம். அதிலும் மின்சாரம் ஓடும், ஆனால் அதே தடிமனுள்ள செம்பைவிடத் தடை அதிகம். முலாம் உரிந்த இடத்தில் சாதாரண ஈயம் ஒட்டவும் ஒட்டாது. கட்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வீட்டுத் தோட்டத்து விளக்குகளுக்கு ஆயிற்று. பிறகு மின்சாமான் கடையில், மெல்லிய இழைகளாலான 25 சதுர மில்லிமீட்டர் அசல் செம்புக் கம்பியும், ‘25-8’ என்று பொறித்த ஈயமுலாம் பூசிய லக்குகளும் வாங்கினேன். 25 கம்பியின் அளவு, 8 போல்ட்டின் அளவு.

முதல் ஞாயிறு 25 வாட் அயர்னுடன் பத்து நிமிடம் போராடியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்பி வெதுவெதுப்பானது, அயர்ன் குளிர்ந்தது. மாலையில் நண்பரிடம் 100 வாட் அயர்ன் இரவல் வாங்கி வந்தேன். இந்த முறை ஈயம் உருகியது. லக்கின் வாய் நிறைய வழவழவென்று நிரம்பி, வெள்ளிக் கிண்ணம் போல மின்னியது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. புகைப்படம்கூட எடுத்தேன்.

ஏதோ ஓர் உறுத்தலில் அதை வைஸில் மாட்டி, ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். இந்த நான்கு வாரங்களில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். வாயருகே மூன்று மில்லிமீட்டருக்குத்தான் ஈயம் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே வெளிச்சுற்று இழைகளில் மட்டும் மெல்லிய பூச்சு. நடுவில் இருந்த இழைகள் கடையிலிருந்து வந்த அதே செம்பு நிறத்தில், ஈயத்தையே காணாமல் கிடந்தன. லக்கின் அடியில், ஈயம் ஒட்டுவதற்காக ஈயக்கம்பியோடு வரும் பிசின் கருகி ஒரு மிளகளவு உறைந்திருந்தது. வெளியே வெள்ளிக் கிண்ணம், உள்ளே வெற்றிடம்.

எங்கள் தெருமுனையில் பம்பு மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்யும் அண்ணனிடம் அறுத்த துண்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஈயத்தை ஏன் சூடாக்கினாய் தம்பி, செம்பை அல்லவா சூடாக்க வேண்டும் என்றார். செம்பு சூட்டை வாங்கிய கையோடு கம்பி நெடுகக் கடத்திவிடும். அயர்னின் கூர்முனை தருவதைவிட வேகமாக அது ஓடிவிடும். முனையில் ஈயம் உருகுவது அயர்னின் சூட்டில்தான், செம்பின் சூட்டில் அல்ல. அது போய்ச் சேரும் இடம் குளிர்ந்திருந்தால் ஒட்டாமல் மேலேயே உறையும். நகைப்பட்டறையில் வெங்காரம் தடவிப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகிறவர்கள் முதலில் நகையை ஊதிச் சூடேற்றுவதும் இதற்காகத்தான் என்று அவர் சொன்னபோது, சிறுவயதில் வேடிக்கை பார்த்த ஊதுகுழல் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் ஞாயிறு கையடக்க கேஸ் டார்ச்சுடன் இறங்கினேன். முறை இது: லக்கை வாய் மேலே பார்க்க நிறுத்தி, உள்ளே பைன் பிசின் பேஸ்ட் தடவி, ஈயத்துண்டுகளைப் பாதியளவு போட்டு, வெளிச்சுவரில் மட்டும் சுடர் காட்ட வேண்டும். ஈயம் குளமானதும், முன்பே ஈயம் பூசிய கம்பி நுனியை மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். சொல்ல எளிது. லக்கை இரும்பு வைஸில் கடித்து வைத்திருந்தேன். சூடெல்லாம் வைஸுக்குப் போயிற்று. அதைவிடப் பெரிய கூத்து, நான் வாங்கிய லக்கில் கம்பி அடிவரை போயிற்றா என்று பார்க்க ஒரு சிறு துளை இருக்கிறது. உருகிய ஈயம் அந்தத் துளை வழியாகச் சொட்டி, சிமெண்டுத் தரையில் நாணயம் போலப் பரவி உறைந்தது. கால் தப்பியது செருப்பின் புண்ணியம். அன்றிலிருந்து ஷூ, கண்ணாடி இரண்டும் இல்லாமல் டார்ச்சைத் தொடுவதில்லை.

துளையில்லாத லக்குகள் வாங்கினேன். வைஸுக்கும் லக்குக்கும் நடுவே இரண்டு மரத்துண்டுகள் கொடுத்தேன். ஓரம் கருகும், ஆனால் சூட்டைத் திருடாது. மூன்றாம் ஞாயிறு ஈயம் நாற்பது நொடியில் குளமானது. கம்பியை இறக்கினேன், நிரம்பியது. மகிழ்ச்சி. குளிர்ந்த பிறகு கம்பியை வளைத்துப் பார்த்தால், லக்குக்கு மேலே மூன்று சென்டிமீட்டர் வரை குச்சி போல விறைத்திருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கிடையே ஈயம் உறைக்குள் ஏறிவிட்டது. என்ஜின் அதிர்வில், விறைத்த பகுதி முடிந்து இளகிய பகுதி தொடங்கும் கோட்டில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். உறைக்குள் நடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. அதையும் வெட்டி எறிந்தேன்.

நான்காம் ஞாயிறுக்கு மூன்று மாற்றங்கள். ஈயத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். உறை தொடங்கும் இடத்தில் ஈரத்துணியைச் சுற்றி நூலால் கட்டினேன். ஈயம் அந்தக் குளிர்ச்சியைத் தாண்டி ஏறவில்லை. மூன்றாவது, கம்பியைக் கையில் பிடிப்பதை விட்டேன். என் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) ஆறும்போது 190 டிகிரி செல்சியஸ் அருகே தொடங்கி 183 வரை கூழ்நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் இணைப்பு மணல் போலச் சொரசொரப்பாகிவிடும். சிறிய வேலையில் அது ஒரு நொடி. இவ்வளவு செம்பு இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கும் மேல். ஸ்டூலைக் கவிழ்த்து, அதன் காலில் கம்பியைக் கட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி போலிருந்த ஈயத்தின் மேல் ஒரு மெல்லிய திரை படர்ந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து நின்றது.

கண்ணை நம்பும் வழக்கம் போய்விட்டதால் அளந்தும் பார்த்தேன். இரண்டு ஹெட்லைட் பல்புகளின் எல்லா இழைகளையும் ஒன்றாக எரியவிட்டால் 18 ஆம்பியர் கிடைக்கிறது. அதை லக் வழியே ஓடவிட்டு, லக்கின் வளையத்தில் ஒரு முனை, உறைக்குள் குத்திய குண்டூசியில் மறுமுனை என்று மல்டிமீட்டரை வைத்தேன். முதல் வாரம் அறுத்ததைப் போலவே 100 வாட் அயர்னில் செய்துவைத்த மற்றொரு லக், 14 மில்லிவோல்ட். புதியதில் தொலைந்தது 2தான். குண்டூசி குத்திய ஓட்டையை மூட, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். அதை முன்பே கம்பியில் கோத்திருக்க வேண்டும் என்பதை நல்லவேளையாக மறக்கவில்லை.

பேட்டரி முனையில் ஒன்று, 60 ஆம்பியர் ஃபியூஸின் இருபுறமும் இரண்டு, டிக்கியில் பெயிண்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் ஒன்று. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் திருகு வாய்க்குள் போகும் முனைகளுக்கு ஈயமே வைக்கவில்லை. ஈயம் மெத்தென்ற உலோகம். திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி இடம் கொடுத்துவிடும். அங்கே வெறும் செம்புதான் நல்லது.

அறுகோணமாக நசுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி கையில் இருந்திருந்தால் இவ்வளவும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. சரியான அச்சில் நசுக்கிய லக் ஒரு நிமிட வேலை, அதிர்வையும் நன்றாகத் தாங்கும். சுத்தியலால் தட்டி நசுக்குவதைவிட என் ஈயம் மேல் என்பது மட்டும் உறுதி. அதிர்வுக்குப் பயந்து, ஒவ்வொரு லக்கிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் கம்பியைப் பாடியோடு கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

நேற்று ஒரு மணி நேரம் சத்தமாகப் பாடவிட்டு நான்கு லக்குகளையும் தொட்டுப் பார்த்தேன். என்ஜின் பக்கம் இருப்பவை அங்குள்ள மற்ற இரும்பின் சூட்டில்தான் இருந்தன, டிக்கியில் இருப்பது குளிர்ந்தே கிடந்தது. பின்பக்க நம்பர் பிளேட்தான் தவில் அடிக்கு ஜால்ரா போட்டுக்கொண்டே வருகிறது. அதற்கு ரப்பர் வாஷர் வாங்க வேண்டும்.