பட்டன், பட்டன், பட்டன்

மாற்றுத்திறனாளிகளாலும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைச் சோதனை வேலைக்கு வந்த புதிதில், பணப் பரிமாற்றச் செயலி ஒன்றைச் சோதிக்கக் கொடுத்தார்கள். தானியங்கிக் கருவியை ஓட்டினேன். 'பிழைகள்: 0' என்று வந்தது. மகிழ்ச்சியாக அறிக்கை எழுதிப் பக்கத்து மேசையில் இருந்த மூத்த சோதனையாளரிடம் கொண்டுபோனேன். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. செயலியைத் தன் கைபேசியில் திறந்து, விரலை வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கேட்டார். "பட்டன், பட்டன். பட்டன், பட்டன். பட்டன், பட்டன்."

"இதுல பணம் அனுப்புறது எது?" என்றார்.

நான் திரையைப் பார்த்து, "மூணாவது சார்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுது. எனக்கு எப்படித் தெரியும்?"

நடந்தது இதுதான். பெயர் வைக்காத பட்டன்களைக் கருவி பிழை என்று காட்டும். அந்தப் பிழைச் செய்தியை நிறுத்துவதற்காக யாரோ எல்லா பட்டன்களுக்கும் 'பட்டன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் கருவி பார்க்கும். அந்தப் பெயரால் ஏதாவது புரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் முதலில் பெயரைச் சொல்லும், பிறகு வகையைச் சொல்லும். இரட்டை இரட்டையாகக் காதில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். நான் தந்த விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார்: "அது சரி, வேலை முடிஞ்சுதா?" பணம் போய்ச் சேர்ந்ததா என்று அர்த்தம். போய்ச் சேரவில்லை. அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் என் கண்ணே எனக்கு இடைஞ்சலாக இருந்தது. திரைவாசிப்பானை ஓடவிட்டுத்தான் சோதிப்பேன். ஆனால் காதில் விழுவதற்கு முன்பே கண் பக்கத்தைப் படித்துவிடும். சார்தான் "திரையை அணைச்சுட்டுப் பண்ணிப் பாருங்க" என்றார். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் ஓடும்போது மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் திரை கறுத்துவிடும். கணினியில் ஓடும் திரைவாசிப்பானான என்விடிஏ-யிலும் திரையை மறைக்கும் வசதி உண்டு. மறைத்துவிட்டு ஒரு பதிவுப் படிவத்தை நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், எல்லாம் ஒழுங்காக வந்தன. 'சமர்ப்பி'யை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதும் இல்லை. படிவம் போய்விட்டதா, போகவில்லையா, இணையம் அறுந்துவிட்டதா? பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்து, முடியாமல் திரையைத் திறந்தேன். படிவத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் 'பிறந்த தேதி தவறு' என்று இருந்தது. பார்க்க முடிந்தவருக்கு அரை நொடியில் தெரிந்திருக்கும் செய்தி. புதிதாகத் தோன்றும் செய்தியைப் படித்துச் சொல் என்று நிரலில் ஒரு குறிப்பு இருந்திருந்தால் எனக்கும் காதில் விழுந்திருக்கும்.

அன்று முதல் என் குறிப்பேட்டில் அமைதியையும் எழுத ஆரம்பித்தேன். எந்த இடத்தில், எதை அழுத்திய பிறகு, எத்தனை விநாடி. என் அறிக்கைகளில் மிக மோசமான பிழைகள் பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் வந்தன.

ஆனால் திரையை அணைத்ததால் நான் பார்வையற்ற பயனர் ஆகிவிடவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைப்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். சார் திரைவாசிப்பானைக் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர் பக்கத்தை மேலிருந்து கீழே கேட்பதும் இல்லை. எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், நாம் செய்தித்தாளை மேலோட்டமாகப் பார்ப்பது போல. அதனால் தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்தால், அவருக்கு அந்தப் பக்கத்தில் தாவ இடமே இல்லை. அவர் பயன்படுத்தும் என்விடிஏ-யை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். அவரும் பார்வையற்றவர். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேவும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளில் விசைகள் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருப்பதற்கு, அதை வைத்து வாழ்பவர்களே எழுதியது முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

தமிழ்ப் பக்கங்களைச் சோதிக்கும்போது ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். பக்கம் முழுக்கத் தமிழில் இருக்கும், ஆனால் நிரலின் தொடக்கத்தில் மொழி ஆங்கிலம் என்று இருக்கும். திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலைக் கூப்பிடும். ஒரு முறை அந்தக் குரல் தமிழ் எழுத்துகளை அப்படியே தாண்டிப் போய், நடுவில் இருந்த எண்களை மட்டும் வாசித்தது. ஒரு கட்டுரை முழுவதும் நான்கைந்து எண்களாகச் சுருங்கிவிட்டது. மொழிக் குறியீட்டை 'டிஏ' என்று மாற்றினால் போதும். இரண்டே எழுத்து. படிவத்தில் அச்சடித்ததுபோல எல்லா அறிக்கையிலும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிறம் பற்றிய சண்டைகள் தனி. இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரமான டபிள்யூசிஏஜி 1999-இல் முதலில் வந்தது. 2008, 2018, 2023 என்று அதன் அடுத்தடுத்த பதிப்புகள் வந்திருக்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது அதன் நடுத்தர நிலையில் உள்ள விதி. ஒரு வடிவமைப்பாளர் வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைத்திருந்தார். கணக்குப் போட்டால் 4.48 வந்தது. "0.02-க்காகவா என் வடிவமைப்பை மாத்தணும்?" என்று கோபப்பட்டார். விதி என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். எனவே 4.5 எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். வழக்கமான பார்வை உள்ளவர்களுக்கு 3-க்கு 1 போதும் என்று பழைய தரம் ஒன்று இருந்தது. வயதாக ஆகக் கண் வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் குறையும். ஏறக்குறைய 80 வயதானவரின் பார்வைக் கூர்மையில் அந்த இழப்பு 1.5 மடங்கு என்று கொண்டு, மூன்றை ஒன்றரையால் பெருக்கினார்கள். "அப்ப இது என் பாட்டிக்கான எண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். சாம்பல் ஒரு துளி அடர்ந்தது. அவர் அடுத்து அனுப்பிய வடிவமைப்புகளில் வேறுபாடு 7-க்குக் குறையவே இல்லை.

காணொளிகளையும் சோதிப்போம். பேச்சிலிருந்து தானாக உருவாகும் எழுத்துரையில் ஒரு 'இல்லை' விடுபட்டுவிட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும். காது கேட்பவர் ஒலியை வைத்துச் சரிசெய்துகொள்வார், எழுத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே கடைசியாக ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை முழுதாகப் பார்ப்பேன்.

இவ்வளவு நாளில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது ஒரு பயனர் சோதனை. பெருமூளை வாதம் உள்ள இளைஞர் ஒருவர் வந்திருந்தார். அவரால் சுட்டியையோ விசைப்பலகையையோ பிடிக்க முடியாது. சக்கர நாற்காலியில் தலைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் பொருத்தியிருந்தது. திரையில் ஒவ்வொரு இணைப்பாக வெளிச்சம் நகரும். தனக்கு வேண்டிய இடத்தில் வெளிச்சம் வரும்போது தலையால் சுவிட்சைத் தட்ட வேண்டும். தவறவிட்டால் ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். நாங்கள் கொடுத்த வேலை, ஒரு விண்ணப்பத்தைத் திறந்து நிரப்பி அனுப்புவது. பக்கத்தின் மேலே இருந்த பட்டியில் மட்டும் 40-க்கும் மேற்பட்ட இணைப்புகள். 'நேராக உள்ளடக்கத்துக்குப் போ' என்ற தாவல் இணைப்பு இல்லை. வெளிச்சம் ஒவ்வொன்றாக நகர, அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். போதாததற்கு, எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று காட்டும் விளிம்புக்கோட்டை அழகுக்காக நீக்கியிருந்தார்கள். அவரது மென்பொருள் தன் வெளிச்சத்தைக் காட்டியதால் தப்பித்தார், விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவர் அங்கேயே தொலைந்திருப்பார்.

பாதி விண்ணப்பத்தில் எனக்குத் தாங்கவில்லை. "அடுத்த பட்டன் கீழே வலது பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பக்கம் பார்த்து, நன்றி சொல்லி, தொடர்ந்தார். சில நிமிடங்களில் பக்கம் தானாக வெளியேறிவிட்டது. ரொம்ப நேரம் எதையும் அனுப்பவில்லையாம். நிரப்பியது எல்லாம் போயிற்று. நேர வரம்பு வைத்தால் முடிவதற்கு முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுத்து, பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. அங்கே எச்சரிக்கையே இல்லை. அவர் எங்களைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, நான் கொஞ்சம் மெதுவா பண்ணிட்டேன்" என்றார்.

அந்த மன்னிப்பு இன்னும் என் மனதில் உறுத்துகிறது. பக்கத்தைக் கெடுத்து வைத்தவர்கள் நாங்கள் எல்லோரும், மன்னிப்புக் கேட்டவர் அவர். பயனர் சோதனைகளில் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். 'எனக்குத்தான் தெரியல', 'நான் எங்கேயோ தப்பா தட்டிட்டேன்'. எனவே இப்போதெல்லாம் தொடங்கும்போதே, சோதனைக்கு உள்ளாவது செயலிதான், அவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடமும் எங்களுக்குத் தேவையான தகவல் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் தரும் நேரத்துக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்றும் பிடிவாதமாக இருக்கிறேன். மற்ற எந்த நிபுணரையும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவதில்லையே.

அன்று மாலை சார் என்னிடம், "நீங்க வழி சொன்ன இடத்துல என்ன ஆகியிருக்கும்னு இனிமே தெரியாது" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிழையை அறிக்கையில் சேர்க்க என்னிடம் சான்று இல்லாமல் போயிற்று. உதவ வேண்டும் என்று கை துடிக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பதை நான் அதன் பிறகுதான் பழகினேன்.

பல நிறுவனங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களிடம் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது போன்ற தேதிகள் நெருங்கும்போது அவசரம் கூடும். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாக அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கப்படும் தீர்வுகளைப் பற்றியும் அப்போதுதான் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். 'பட்டன்' என்ற பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த ஒரு வரிக்கும் தெரியாது. பெயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். பக்கத்தின் வரிசையையே மாற்றுவதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் வரைபட நிலையிலேயே எங்களைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

சுவிட்சோடு வந்த அந்த இளைஞர் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். தாவல் இணைப்பு வந்திருந்தது. நேர எச்சரிக்கையும் வந்திருந்தது. அதே விண்ணப்பத்தைத் திறந்தார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு முறை எச்சரிக்கை வந்தது, தலையால் தட்டி நேரத்தை நீட்டித்துக்கொண்டார். கடைசி வெளிச்சம் 'அனுப்பு' மேல் வந்து நின்றது. தட்டினார். 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று திரை சொன்னது.

அவர் என் பக்கம் திரும்பி, "அடுத்தது என்ன?" என்றார்.