அம்மோனியம் குளோரைடு ஏன் முதலில்?

உப்புப் பகுப்பாய்வில் (கொடுத்த உப்பில் என்னென்ன அயனிகள் என்று கண்டுபிடிக்கும் செய்முறை) மூன்றாம் தொகுதிக்கு, அதாவது அலுமினியம், இரும்பு போன்றவை ஹைட்ராக்சைடாக விழும் கட்டத்துக்கு, வந்து நிற்கும் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஊற்றுவதற்கு முன்னால் அம்மோனியம் குளோரைடு எதற்கு? "பொது அயனி விளைவு" (இரண்டுக்கும் பொதுவான அம்மோனியம் அயனி கூடினால் ஹைட்ராக்சைடு அயனி குறையும்) என்று பதில் பட்டென்று வரும். அதையே கணக்காகப் போட்டுக் காட்டச் சொன்னால் பேனா நின்றுவிடும். பள்ளியின் கடைசி ஆண்டில் இயற்பியலும் வேதியியலும் படிப்பவர்கள் மதிப்பெண்ணைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செய்முறை ஒரு நோட்டில் கிடக்கிறது, பாடம் வேறொரு நோட்டில் கிடக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

அந்தக் கணக்கு ஐந்து வரிதான். மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் (மெக்னீசியம் அயனிச் செறிவை ஹைட்ராக்சைடு அயனிச் செறிவின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவதற்கான வரம்பு; தாண்டினால் வீழ்படிவு) 1.8 × 10⁻¹¹. கரைசலில் மெக்னீசியம் அயனி 0.1 மோலார் இருந்தால், வீழ்படிவு விழ ஹைட்ராக்சைடு அயனி சுமார் 1.3 × 10⁻⁵ மோலாரைத் தாண்ட வேண்டும். 0.1 மோலார் அம்மோனியா தனியாக இருந்தால் (அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்பது இதன் நீர்க்கரைசல்தான்; பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵) தருவது 1.3 × 10⁻³ மோலார். தேவையைப்போல நூறு மடங்கு. பிந்தைய தொகுதியில் வர வேண்டிய மெக்னீசியம் மூன்றாம் தொகுதியிலேயே விழுந்துவிடும். அதே கரைசலில் 1 மோலார் அம்மோனியம் குளோரைடு இருந்தால் ஹைட்ராக்சைடு 1.8 × 10⁻⁶ மோலாராக இறங்கிவிடும். இப்போது மெக்னீசியம் விழாது. அலுமினியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻³³ என்ற அளவில் இருப்பதால் அதற்கு 10⁻¹¹ மோலார் அளவு ஹைட்ராக்சைடே போதும், அது தாராளமாக விழும். தொகுதிப் பிரிப்பு என்ற ஏற்பாடே இந்தச் சில எண்களின் மேல் நிற்கிறது. ஒருமுறை கையால் போட்டுவிட்டால் அயனிச் சமநிலைப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

இதே பகுதியில் அடிக்கடி கெடும் இன்னும் இரண்டு. இரண்டாம் தொகுதிக்கு விட்ட ஹைட்ரஜன் சல்பைடைக் கொதிக்கவைத்து முழுவதும் வெளியேற்றாமல் அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்தால், அது சல்பைடைக் கந்தகமாக ஆக்சிஜனேற்றிக் குழாயைப் பால்போலக் கலக்கிவிடும்; வீழ்படிவு என்று நினைத்து ஏமாறுவார்கள். நைட்ரிக் அமிலமே எதற்கு என்றால், இரும்பு இருந்தால் அது பெர்ரஸ் நிலையிலிருந்து பெர்ரிக் நிலைக்குப் போக வேண்டும். பெர்ரஸ் ஹைட்ராக்சைடு இந்தக் கரைசலில் முழுமையாக விழாது. அடுத்தது, அம்மோனியம் அயனிச் சோதனையை எப்போதும் கொடுத்த மூல உப்பிலிருந்து செய்யுங்கள். நடுவில் நீங்களே அம்மோனியம் குளோரைடைக் கொட்டிய பிறகு எந்த உப்பும் "அம்மோனியம் உண்டு" என்றுதான் சொல்லும்.

தரம் பார்த்தலுக்கு, அதாவது செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு தெரியாததன் செறிவைக் காண்பதற்கு, வருவோம். பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் என்றால் எல்லோரும் நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தவறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பியூரெட்டை (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாய்) பெர்மாங்கனேட்டால் அலச வேண்டும், பிப்பெட்டை (குறித்த அளவை எடுத்து விடும் குழாய்) ஆக்சாலிக் அமிலத்தால். கூம்புக் குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும். குடுவையையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால் 20 மி.லி.க்கு மேல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தங்கி, பியூரெட் அளவீடு ஏறிவிடும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்து நடுவில் வெளியேறினாலும் அப்படித்தான். நிரப்பிய பிறகு மேலே புனலை மறந்து வைத்திருந்தால் அதிலிருந்து சொட்டி அளவீடு குறையும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ்ப் பிறையை (திரவப் பரப்பு வளைவின் அடியை) பார்க்க முடியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் அதே விளிம்பு.

அமிலம் ஏன் நீர்த்த கந்தக அமிலமாகவே இருக்க வேண்டும்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் பெர்மாங்கனேட் குளோரைடையும் குளோரினாக ஆக்சிஜனேற்றும், செலவு கூடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, அதனால் செலவு குறையும். அமிலம் பற்றாக்குறையானால் மாங்கனீஸ் +2 வரை இறங்காமல் +4-இல் நின்று பழுப்பான மாங்கனீஸ் டை ஆக்சைடாகக் கலங்கும். பழுப்பைக் கண்டால் அந்தக் குடுவையைக் காப்பாற்ற முயலாதீர்கள், ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வேகம். வெப்பநிலை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே வினை மந்தம். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். சூடாக இருந்தும் முதல் சில சொட்டுகளின் நிறம் மறையத் தாமதமாவது கோளாறல்ல, உருவாகும் மாங்கனீஸ் +2 அயனியே இந்த வினைக்கு வினையூக்கி. அது கொஞ்சம் சேர்ந்ததும் நிறம் உடனுக்குடன் மறையத் தொடங்கும். வேதிவினை வேகவியலில் தன்வினையூக்கத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் கைவசம் இருக்கிறது. பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டுடன் செய்யும்போது மட்டும் சூடாக்கக் கூடாது. பெர்ரஸ் அயனி காற்றிலேயே ஆக்சிஜனேற்றமாகிவிடும்.

கணக்கில் விழும் குழி வேறு. 2 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் ஆக்சாலிக் அமிலம். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி.க்கு 19.6 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால் அதன் செறிவு 0.0204 மோலார். மோலாரிட்டியையும் கனஅளவையும் பெருக்கி இருபுறமும் நேராகச் சமன்செய்தவர்களுக்கு 0.051 வரும், சரியாக இரண்டரை மடங்கு. விடை இரண்டரை மடங்காக வந்தால் தவறு எங்கே என்று தேடவே வேண்டாம். நார்மாலிட்டியில் (சமான எடைக் கணக்கில் சொல்லும் செறிவு) செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சமான எடை 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6 என்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இயற்பியல் ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்றில் (ஒரு மீட்டர் கம்பியில் சமன்புள்ளி தேடித் தெரியாத மின்தடையை அளக்கும் கருவி) சமன்புள்ளி கம்பியின் நடுவில் அமைய வேண்டும் என்பார்கள். ஏன்? கம்பியில் 1 மி.மீ. தவறிப் படித்தால் விடையில் என்ன பிழை வரும் என்று பாருங்கள். சமன்புள்ளி 50 செ.மீ.யில் இருந்தால் 0.4 சதவீதம். 10 செ.மீ.யில் இருந்தால் 1.1 சதவீதம். 5 செ.மீ.யில் 2 சதவீதத்துக்கும் மேல். கம்பி முனைகளின் மின்தடை ஏற்படுத்தும் பிழையும் ஓரத்தில்தான் பெரிதாகத் தெரியும். அதனால் தெரிந்த மின்தடையை, தெரியாததற்கு அருகில் வரும்படி தேர்ந்தெடுங்கள். பிறகு இரண்டையும் இடம் மாற்றி வைத்து மறுபடி எடுத்துச் சராசரி காணுங்கள். தொடுசாவியைக் கம்பியில் இழுத்துக்கொண்டே போவது ஆய்வகத்தில் காணும் மோசமான பழக்கம். கம்பி ஓரிடத்தில் மெலிந்துவிட்டால் நீளத்துக்கு நேர்விகிதத்தில் மின்தடை என்ற அடிப்படையே போய்விடும், அடுத்து வரும் மாணவருக்கும் சேர்த்து.

மின்னழுத்தமானியில் (மின்கலத்தை நீண்ட கம்பியின் மின்னழுத்த வீழ்ச்சியோடு சமன்செய்து அளக்கும் கருவி) கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் விலகுகிறதா? இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, கம்பிக்கு மின்னோட்டம் தரும் மின்கலம், சோதிக்கும் மின்கலம் இரண்டின் நேர்முனைகளும் கம்பியின் ஒரே முனையில் சேரவில்லை. அல்லது கம்பியின் மொத்த மின்னழுத்த வீழ்ச்சி, சோதிக்கும் மின்கலத்தின் மின்னியக்கு விசையைவிடக் குறைவு. 10 மீட்டர் கம்பியில் 2 வோல்ட் விழுந்தால் மீட்டருக்கு 0.2 வோல்ட், 1.08 வோல்ட் டேனியல் மின்கலம் (துத்தநாகமும் தாமிரமும் கொண்டது) 5.4 மீட்டரில் சமனாகும். மின்தடை மாற்றியை அதிகமாக வைத்துக் கம்பியில் 1 வோல்ட்தான் விழுகிறது என்றால், பத்து மீட்டரும் தேடினாலும் சமன்புள்ளி கிடைக்காது.

அந்த 1.08 வோல்ட்டை வேதியியல் பாடத்திலும் தேடுங்கள். அங்கே திட்ட மின்னியக்கு விசை 1.10 வோல்ட் என்று போட்டிருக்கும். இரண்டில் எது சரி என்ற குழப்பத்துக்கு அயனிச் செறிவு மாறினால் மின்னியக்கு விசை எப்படி மாறும் என்று காட்டும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு பதில் சொல்லும். 298 கெல்வினில் துத்தநாக அயனி 0.1 மோலார், தாமிர அயனி 0.01 மோலார் என்றால், 1.10-லிருந்து 0.0591-இன் பாதி கழிய 1.07 வோல்ட். விகிதத்தைத் தலைகீழாகப் போட்டவர்களுக்கு 1.13 வரும். வினைவிளைபொருளின் அயனி மேலே, வினைபடுபொருளின் அயனி கீழே. தாமிர அயனி குறைந்தால் மின்கலம் வலுவிழக்கத்தான் வேண்டும், கூடியிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

முதல் வகை வினையும் (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது) கதிரியக்கச் சிதைவும் இப்படித்தான், ஒரே சமன்பாட்டுக்கு இரண்டு பாடங்களில் இரண்டு பெயர். 0.693-ஐ வேக மாறிலியால் அல்லது சிதைவு மாறிலியால் வகுத்தால் அரை ஆயுட்காலம். 99.9 சதவீதம் முடியப் பத்து அரை ஆயுட்காலம் ஆகும் என்பதை ஒரு பாடத்தில் நிறுவினால் மற்றதில் இலவசம்.

கடைசியாக நிறமாலைமானி, முப்பட்டகம் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி. வெர்னியர் (கோணத்தைப் படிக்கும் அளவுகோல்) 352° 10′-லிருந்து பூஜ்யத்தைத் தாண்டி 31° 40′-க்கு வந்தால், இரண்டாவதோடு 360° கூட்டிவிட்டுக் கழியுங்கள்: சிறும திசைமாற்றக் கோணம் 39° 30′. கணிப்பானில் இது 39.5, 39.30 அல்ல. முப்பட்டகக் கோணம் 60° என்றால் ஒளிவிலகல் எண் 1.526 வரும். 0.5-க்குப் பக்கத்தில் ஏதாவது வந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள், கணிப்பான் ரேடியனில் இருக்கிறது.