அழுங்கின் வளையருகே

2025 ஜனவரி 6

கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரப் புதர்க்காட்டில் ஆய்வுக் குழுவுக்கு உதவியாளனாக நடக்கத் தொடங்கி இரண்டாவது வாரத்தில், இன்று காலையில்தான் புதிதாகப் பறித்த குழி ஒன்றைக் கண்டேன். கறையான் புற்றின் அடிப்பகுதி ஒரு முழ ஆழத்துக்குக் குடையப்பட்டு, வெளியே தள்ளிய மண் ஈரம் உலராமல் கிடந்தது. உட்சுவரில் ஆழமான நகக்கீறல்கள் இருந்தன. கரடி கிளறியிருந்தால் புற்றே சிதறியிருக்கும் என்றும், இத்தனை ஒடுக்கமான குடைவு, எறும்பும் கறையானும் தின்னும் செதில் விலங்கான அழுங்கின் வேலைதான் என்றும் உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சொன்னார். இடத்தின் பெயரை இக்குறிப்புகளில் எங்கும் எழுதப்போவதில்லை. செதிலுக்காக இவ்விலங்கைத் தேடுகிறவர்களும் படிக்கத் தெரிந்தவர்கள்தாம்.

ஜனவரி 9

மூன்று இரவுகளாகத் தானியங்கிக் கேமராவில் முயலும் முள்ளம்பன்றியும் மட்டுமே பதிவாகியுள்ளன. கறையான்கள் உடைந்த சுவரைப் பூசி மூடத் தொடங்கிவிட்டன.

ஜனவரி 14

ஓடைக்கரையில் காய்ந்த எச்சம் கிடைத்தது. உடைத்துப் பார்த்தபோது எறும்புத் தலைகளும், கால் துணுக்குகளும், கணிசமான அளவு மண்ணும் இருந்தன. மண் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு விடை அதன் வாயில் இருக்கிறது. அழுங்குக்குப் பற்களே கிடையாது. புற்றுக்குள் நீளும் பசைநாக்கில் ஒட்டியதெல்லாம், எறும்பும் முட்டையும் மண்ணும் பொடிக்கல்லுமாக, அப்படியே வயிற்றுக்குப் போகிறது. மெல்லும் வேலையைத் தடித்த தசைச் சுவரும் கடினமான முள் போன்ற புடைப்புகளும் கொண்ட இரைப்பை, விழுங்கிய கற்களின் துணையோடு செய்துமுடிக்கிறது. கோழியின் கற்குடலை நினைத்துக்கொண்டால் போதும்.

நாக்கைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். பிற பாலூட்டிகளில் தொண்டைப் பகுதியிலுள்ள நாவடி எலும்போடு பிணைந்திருக்கும் நாக்கு, அழுங்கில் அதை விட்டு விலகி, மார்பெலும்பின் கீழ்முனை வரை இறங்கிச் சென்று அங்கே வேர் கொண்டிருக்கிறது. வேண்டாதபோது மார்புக்குள் உறைக்குள் வாள்போல் சுருங்கிக் கிடக்கிறது. எறும்பு கடிக்குமே என்றால், அதற்கும் ஏற்பாடு உண்டு: தடித்த இமைகள் கண்களைக் காக்க, மூக்குத் துளைகளையும் காதுத் துளைகளையும் தசைகளால் இறுக மூடிக்கொள்கிறது.

தென்னமெரிக்க எறும்புத்தின்னிக்கும் பல்லில்லாத வாயும் நீண்ட நாக்கும் இருப்பதால் இரண்டும் ஒரே குடும்பம் என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். மரபணு ஆய்வுகளின்படி அழுங்குக்கு நெருங்கிய உறவினர்கள் பூனையும் நாயும் கரடியும் அடங்கிய ஊனுண்ணி வரிசையினர். ஒரே உணவை நம்பி வாழ்ந்ததால் இருவேறு வழிகளில் வந்த உடல்கள் ஒன்றுபோல் ஆகியிருக்கின்றன.

ஜனவரி 23

பாறையின் கீழே உறங்கும் வளை கிடைத்தது. இரை தேடும் குழிகள் ஆழமற்றவை. இதுவோ சாய்வாக இறங்கி இருளில் மறைகிறது. வாயில் தளர்ந்த மண்ணால் உள்ளிருந்து அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே விலங்கு உறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது என்பதால், பேச்சைக் குறைத்துக்கொண்டு கேமராவை எதிர்மரத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பினோம்.

பிப்ரவரி 1

கடைசியில் பதிவாகிவிட்டது. நள்ளிரவுக்குப் பின் 1.40 மணிக்கு அடைப்பு மண் அசைந்து, முதலில் கூம்பிய முகமும், பின்பு ஓட்டு வீட்டுக் கூரை ஊர்ந்து வருவதுபோல் முதுகும் வெளிப்பட்டன. முன்கால் நகங்கள் தேயாதபடி உள்நோக்கி மடக்கி, பாதத்தின் வெளிப்புறத்தை ஊன்றி நடந்தது. ஓரிடத்தில் பின்கால்களில் எழுந்து, கனத்த வாலால் நிலைகொண்டு, காற்றை முகர்ந்தது. பார்வை மங்கல் என்பதால் அதற்கு உலகம் பெரும்பாலும் வாசனைதான். வாலின் அடியில் ஏதோ கட்டிபோல் தெரிந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குட்டி என்று புரிந்தது. ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டிதான். பிறக்கும்போது மென்மையாக இருக்கும் செதில்கள் பிறகே இறுகுகின்றன. பதினொரு நொடிப் படத்தை இருபது முறையாவது பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 15

பிப்ரவரியின் மூன்றாம் சனிக்கிழமையை உலக அழுங்கு தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அலுவலகத்தில் பேசச் சொன்னார்கள். ‘அழுங்குப்பிடி’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். விடாப்பிடிக்குத் தமிழில் இப்படியொரு பெயர் வந்தது, சுருண்ட அழுங்கைப் பிரிக்க முயன்று தோற்ற யாரோ ஒருவரால்தான் இருக்கும் என்பது என் ஊகம். மன்னார் வளைகுடாவில், ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கடலாமையை அழுங்காமை என்பதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘பாங்கோலின்’ என்ற பெயரின் பொருளும் சுருள்வது என்பதே.

நகமும் மயிரும் ஆன அதே கெரட்டினால் ஆன செதில்களுக்குள் முகத்தையும் வயிற்றையும் புதைத்துக்கொண்டால் சிறுத்தையும் பல்லைத் தேய்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் ஓடாமல் உருண்டையாகிக் கிடக்கும் உயிரை மனிதன் வெறுங்கையால் சாக்கில் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். தென்னாப்பிரிக்காவில் மின்வேலியின் தாழ்ந்த கம்பி வயிற்றில் படும்போது, அஞ்சிய அழுங்கு அக்கம்பியையே சுற்றிச் சுருண்டு, மீண்டும் மீண்டும் மின்சாரம் தாக்கி இறந்துபோகிறது. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்திய அழுங்கு இருக்கிறது. உலகின் எட்டு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத் தடை 2017 முதல் நடைமுறையில் உள்ளது. செதிலில் மருத்துவக் குணம் உண்டு என்று நம்புகிறவர் தம் நகத்தையே கடித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு அவையில் சிரிப்பு எழவில்லை.

பிப்ரவரி 22

பாறையடி வளையின் வாயில் இன்று திறந்து கிடந்தது. விளிம்பில் அழுங்கின் தடமில்லை. கறுப்பும் வெள்ளையுமாக முள்ளம்பன்றி முள் ஒன்று கிடந்தது. தாயும் குட்டியும் எங்கே புதிதாகத் தோண்டியிருக்கின்றன என்று நாளை ஓடையின் மேற்குக் கரையிலிருந்து தேடத் தொடங்குகிறோம்.